சம்பூரணம் கேட்ட கக்கூஸ்

காலைக் கொஞ்சம் மடக்கிக்கோ தம்பி. பையில கல்லு கீது. வெரல்ல பட்டா அப்பால ஆபீசுக்கு நொண்டிக்கினுதான் போவணும். இன்னா கல்லுன்னு கேக்கறியா? கேக்கல. சரி, நானே சொல்றேன். பெங்களூர் போய்ச் சேர இன்னும் ரெண்டு மணி நேரத்துக்கு மேல கீது. நீயும் அந்தப் போனை எவ்ளோ நேரம்தான் தேச்சிகினு இருப்பே.

நான் கே.ஆர்.புரத்துல எறங்கணும். அங்கதான் என் பொண்ணு எழிலரசி வீடு. என் பொண்டாட்டி சம்பூரணமும் அங்கதான் கீறா. ஆடி மாசம் போனவ, இப்ப கார்த்திகை வந்துடுச்சி. நாப்பது வருஷக் குடித்தனம் தம்பி. ஒரு கக்கூஸுக்காக உட்டுட்டுப் போய்ட்டா. சிரிக்காத. சிரிக்கிற மாதிரிதான் கீது, ஆனா சிரிக்காத. எங்க லைன்ல வரிசையா கீற வீட்டுக்காரங்க எல்லாரும் சிரிச்சி முடிச்சிட்டாங்க.

என் பேரு முனிரத்தினம். தங்க மைன்ஸ்ல சாம்பிளர். இருபத்தி நாலு வருஷ சர்வீஸ். மைன்ஸ் மூடி எத்தினி வருஷம் ஆனாலும் சாம்பிளர்னுதான் சொல்லுவேன். நடுவுல பெங்களூர்ல செக்யூரிட்டி வேலை பாத்தேன், அது வேற. அதெல்லாம் ஒரு வேலையா, கதவைத் தெறக்கறதும் மூடறதும்.

சாம்பிளர்னா இன்னான்னு உனக்கு எங்க தெரியப் போவுது. தங்கம் மண்ணுக்குள்ள கட்டி கட்டியா கெடக்கும்னு நெனச்சிகினு கீறாங்க எல்லாரும். அப்படி இல்ல. கருங்கல்லுக்குள்ள வேற ஒரு கல்லு நரம்பு மாதிரி ஓடும். ரீஃப்னு சொல்லுவோம். ஒரு எடத்துல ஆள் படுக்கற அகலம் இருக்கும், ஒரு எடத்துல ரெண்டு வெரல்தான் இருக்கும். அதுலதான் தங்கம் தூசியா ஒட்டிகினு கீது, கண்ணுக்கே தெரியாது. எந்த எடத்துல கீது, எந்த எடத்துல இல்லன்னு கண்டுபுடிக்க ரீஃபுக்குக் குறுக்கால ஒரே ஆழத்துக்கு ஒரு வாய்க்கா வெட்டணும். உதிர்ற கல்லை கித்தான் துணியில புடிச்சி, பையில போட்டு, நம்பர் சீட்டு வெச்சிக் கட்டி மேல அனுப்பணும். அதான் என் வேலை. சுலபம்னு நெனைக்காத. மின்னுற எடத்துல ரெண்டு கொத்து ஜாஸ்தியா கொத்திட்டேன்னு வெச்சிக்க, ரிப்போர்ட்டு பொய்யாப் போய்டும். அதை நம்பி அம்பது பேரு நாலு மாசம் வெறும் பாறையை ஒடைச்சிகினு கெடப்பான்.

இன்னொண்ணு. ஒரு சாம்பிள் எடுத்து முடிச்சா உளியைத் தொடைக்கணும், கித்தானை ஒதறணும், பையைத் திருப்பித் தட்டணும். இல்லன்னா முந்தின கல்லோட தூசி இந்தக் கல்லுல கலந்துடும். இல்லாத எடத்துல தங்கம் கீதுன்னு காட்டும். இந்த விஷயத்துல என்னை மாதிரி சுத்தக்காரன் அந்தச் சுரங்கத்து ஷாஃப்ட்ல ஒருத்தன் கெடையாது. மத்தவனுங்க 'அய்யர் வந்துட்டாரு'ன்னு கிண்டல் பண்ணுவானுங்க. பண்ணட்டும்.

கை சுத்தமும் அப்படித்தான். ஒரு பொட்டுக் கல்லு வீட்டுக்கு எடுத்துகினு வந்ததில்ல. மேல ஏறி வந்தா அங்க வாட்ச்மேன் துணியெல்லாம் ஒதறிப் பாப்பான். என்னைப் பாத்தா மட்டும் போ போன்னு கையாட்டுவான். அவ்ளோ நம்பிக்கை. எங்க லைன்லயே ரெண்டு வீடு தள்ளி தசரதன்னு ஒருத்தன் இருந்தான். திங்காம மீத்து வெச்ச களி உருண்டைக்குள்ள தங்கக் கல்லை வெச்சி மூடி டப்பாவுல வெளிய எடுத்துகினு போனான். நான் பாத்தேன். பாத்ததைப் பாத்தேன்னு சொன்னேன். அவனுக்கு வேலை போய்டுச்சி. தப்பா? நீயே சொல்லு. அவன் பொண்டாட்டி கன்னியம்மா எங்க வாசல்ல வந்து மண்ணை வாரித் தூத்துனா. சம்பூரணம் நாலு நாள் எங்கிட்ட பேசல. அஞ்சாம் நாள் களி கிண்டிக்கினே ஒரே ஒரு கேள்வி கேட்டா. "நீ பாத்தது நெஜந்தான். சொல்லியே ஆவணும்னு இன்னா?" அப்படீன்னா. பொம்பளைங்களுக்கு ரூல் புரியாது தம்பி.

தசரதன் அப்பால இருமி இருமியே போய்ட்டான். அதுக்கும் நான் காரணமா? அண்டர்கிரவுண்டுல எறங்குனவன் எல்லாம்தான் இருமறான்.

இது இன்னா பங்காருபேட்டா? ஆமா. இங்கதான் கூட்டம் ஏறும். பையைக் கொஞ்சம் உள்ள தள்ளு. மெதுவா, மெதுவா. கல்லு ஒண்ணோட ஒண்ணு ஒரசக் கூடாது.

இன்னா சொல்லிகினு இருந்தேன்? ஆ, சம்பூரணம். அவளைக் கெட்டவன்னு நான் சொல்லவே மாட்டேன். மைன்ஸ் மூடுனப்ப எழிலரசி பி.யூ.சி. படிச்சிகினு இருந்தா. நான் விடியகாத்தால இதே வண்டியில போய் பொழுது சாஞ்சப்பறம் வருவேன். அந்தச் சம்பளம் அரிசிக்கே காணாது. அப்படியும் பொண்ணை பி.காம் படிக்க வெச்சா தம்பி! எப்படின்னு கேளு. கூலிக்கு மொளகா இடிச்சா. எங்க வீட்ல ஒரு இரும்பு உரல் கீது. அதைத் தூக்கிகினு கன்னியம்மா வீட்டுக்குப் போய்டுவா. அதுக்குள்ள ரெண்டு பேரும் ராசி ஆய்ட்டாங்க. நான் லீவுல வீட்ல படுத்துகினு இருப்பேன், மத்தியானம் பூரா டங்கு டங்குன்னு சத்தம் கேக்கும். நாலு வருஷம்! இதுல பெருமை இன்னா தெரியுமா? வேற எவளாவது மொளகா இடிச்சா தெருவே தும்மும். இவ இடிச்சா ஒருத்தருக்கும் ஒரு தும்மல் வராது. அவ்ளோ பக்குவம் அவ கையில.

இவ்ளோ செஞ்சவதான். பதிலுக்கு அவ எங்கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணு. வீட்டோட ஒரு கக்கூஸு. கல்யாணம் ஆயி வந்த நாள்லேர்ந்து கேக்கறா. லைன் வீட்ல ஏது கக்கூஸு? எல்லாருக்கும் பொதுவா ஒண்ணு கீது, லைன் கடைசியில, மேட்டுக்கு அந்தாண்ட. கதவு இருக்கும், தாப்பா இருக்காது. ஒருத்தி உள்ள போனா இன்னொருத்தி வெளிய நின்னு கதவைப் புடிச்சிக்கணும். கன்னியம்மாவும் இவளும் அப்படித்தான் ஒருத்திக்கு ஒருத்தி புடிச்சிகினு நின்னாங்க. வயசாய்டுச்சி, முட்டி வலி, மேடு ஏற முடியல. போன சித்திரையில எழிலரசி, "நைனா, செலவை நான் பாத்துக்கறேன், நீ பின்னாடி குழியை மட்டும் தோண்டு"ன்னா. தோண்டறதுக்கு எனக்குச் சொல்லணுமா? கடப்பாறையை எடுத்தேன்.

சம்பூரணம் மூஞ்சைப் பாக்கணுமே நீ. குழிகிட்ட பலகையைப் போட்டு உக்காந்துக்கும். மோர் கலக்கிகினு வரும். "செவுத்துக்கு இன்னா பெயிண்டு அடிக்கலாம்?"னு கேக்கும். கக்கூஸுக்கு யாராவது பெயிண்டைப் பத்திப் பேசுவாங்களா? பச்சை வேணும்னா. உள்பக்கம் தாப்பா ரெண்டு வேணும்னா, மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. ரெண்டு எதுக்குடின்னா, "நாப்பது வருஷம் ஒண்ணுகூட இல்லாம போனேனே, அதுக்கு"ன்னா.

நாலடி போனேன். அஞ்சாவது அடியில கடப்பாறை ணங்குன்னுது. கருங்கல்லு சத்தம் இல்ல அது. எனக்குத் தெரியாதா? உக்காந்து கையால தொடைச்சேன். ரெண்டு வெரல் அகலம். சங்கு மாதிரி வெள்ளையா இருந்தா வெறுங்கல்லு. இது நீலம் கலந்த சாம்பல் நெறம். மேக்கால சாஞ்சி எறங்குது. தம்பி, துண்டை எடுத்து அந்தக் கோட்டை இன்னொரு தரம் தொடைச்சிப் பாத்தேன். இருபத்தி நாலு வருஷம் எவனோ வெட்டறதுக்கு நான் எடம் காட்டுனேன். இது என் வீட்டுப் பின்னால, என் குழியில!

ஒரு கூடைக் கல்லை ஒடைச்சி எடுத்தேன். வீட்டு உரல்ல போட்டு மாவா இடிச்சேன். எனாமல் தட்டுல போட்டு, தண்ணி ஊத்தி, அரிசியில கல்லு அரிப்பாங்க பாரு, அந்த மாதிரி அரிச்சேன். கடைசியா கருப்பு மணல் ஒரு கோடு நின்னுது. அதோட வாலுல மஞ்சளா ஒரு நகத்தளவு. தங்கம்! தட்டைத் தூக்கிகினு உள்ள ஓடுனேன். "பாரு சம்பூரணம், பாரு"ன்னேன். அவ தட்டைப் பாத்தா, என்னைப் பாத்தா. பாத்துட்டு இன்னா கேட்டா தெரியுமா?

"உரலைக் கழுவினியா?"ன்னா.

எப்படி கீது பாரு. ஒருத்தன் தங்கத்தைக் கொண்டாந்து காட்டுறான், இவளுக்கு அவ மொளகா உரல் ஞாபகம். வீட்டு உரல்ல இன்னா இருக்கப் போவுது தம்பி, கழுவறதுக்கு? மொளகாயும் தனியாவும்தானே. "போடி, கல்லு போட்டதுக்கு அப்பால கழுவித் தர்றேன்"னேன். அவ மூஞ்சி செத்துப் போச்சி. அடுப்பாண்ட திரும்பிக்கினா.

அன்னையோட கக்கூஸ் வேலையை நிறுத்திட்டேன். பின்ன இன்னா, தங்கத்துமேல சிமெண்டா ஊத்துவாங்க? ரீஃபு மேக்கால போவுது, மேக்கால எங்க சமையக்கட்டு. கல்லு நெறத்தைப் பாத்தே தொடர்ந்துகினே போனேன். சித்திரை, வைகாசி, ஆனி. சமையக்கட்டுத் தரை எறங்குச்சி. அடுப்பை முன்னாடி ரூமுக்கு மாத்திக்கன்னேன், மாத்திக்கினா. பக்கத்து வீட்டுக்காரன் செவுரு விரிஞ்சிபோச்சுன்னு சண்டைக்கு வந்தான். "உனக்கும் பங்கு தர்றேண்டா"ன்னு சொல்லி அனுப்புனேன். சம்பூரணம் முட்டியைப் புடிச்சிகினு பழையபடி மேடு ஏறிகினு இருந்தா. கொஞ்ச நாள் பொறுத்துக்கக் கூடாதா? நாப்பது வருஷம் பொறுத்தவ, நாலு மாசம் பொறுக்கக் கூடாதா?

ஆடியில காத்து, தூத்தல். மேட்டுல வழுக்கி உழுந்துட்டா. முட்டி சுரக்கா மாதிரி வீங்கிடுச்சி. அங்கேர்ந்து என்னைக் கூப்ட்டாளாம். நான் குழிக்குள்ள இருந்தேன், காதுல உழல. காதுல உழுந்தா வராம இருப்பேனா? கன்னியம்மா போய்த் தூக்கிகினு வந்தா. சாயங்காலமே எழிலரசி வண்டி வெச்சிகினு வந்துட்டா. குழி ஓரத்துல நின்னு என்னை எட்டிப் பாத்தா, பெத்த பொண்ணு, அப்படியே திரும்பிப் போய் அம்மா துணியை மூட்டை கட்டுனா. சம்பூரணம் மட்டும் வண்டியில ஏறறப்ப சொன்னா. "அந்தக் குழியை நீ எதுக்குத் தோண்டுனியோ அதுக்கு ஆவட்டும், அன்னைக்கி வர்றேன்." அவ்ளோதான். நானும் ரோஷக்காரன். நாலு மாசம் போன்கூட பண்ணல.

மாலூர் தாண்டிடுச்சா? இந்த வண்டி இன்னைக்கி இன்னா இந்த வேகம் போவுது. நேத்தெல்லாம் ரெண்டு மணி நேரம் லேட்டுன்னானுங்க.

போன ஞாயித்துக்கெழம ரோஷத்தை மூட்டை கட்டி வெச்சிட்டுக் கெளம்பிப் போனேன். கையில ஒரு கல்லு, நல்ல கல்லு. அவ முன்னால வெச்சேன். "ரீஃபு இப்ப மூணு வெரல் அகலம் ஆய்டுச்சி, இன்னும் கொஞ்ச நாள்ல நாம எங்க இருக்கப் போறோம் பாரு, வா வீட்டுக்கு"ன்னேன். அவ கல்லைத் தொடக்கூட இல்ல. காலை நீட்டி உக்காந்துகினு சொன்னா.

"அந்த உரல்ல நான் மொளகா இடிக்கல. கல்லு இடிச்சேன். நாலு வருஷம். கன்னியம்மா எங்கேர்ந்தோ வாங்கியாருவா, ரெண்டு பேரும் இடிச்சி அரிச்சிக் குடுப்போம். உம் பொண்ணு படிச்சது அதுலதான். உரல் அடியில சந்து சந்தா அந்தத் தூசி கீது. உன் தட்டுல வந்தது அதுதான். குழியில ஒண்ணும் இல்ல. நீ அவங்க சோத்துல மண்ணைப் போட்டே. அவ எனக்குச் சோறு போட்டா."

கேட்டியா? கேட்டியா தம்பி? ஒரு கக்கூஸுக்காக, ஒரு குழியை மூட வெக்கறதுக்காக, தன்னையே திருடின்னு சொல்லிக்கிறா! என் வீட்ல, என் பொண்டாட்டி, திருட்டுக் கல்லு இடிப்பாளா? எனக்குத் தெரியாம போய்டுமா? ஒரு கல்லைப் பாத்தா அது எத்தினியாவது லெவல்ல வெட்டுனதுன்னு சொல்றவன் நான். நாலு வருஷம் ஒரே கூரையில இருந்துட்டு எனக்குத் தெரியாதா?

நீ ஏன் அப்படிப் பாக்கறே? நீயும் அவ சொல்றதைத்தான் நம்பறியா?

சரி. நேத்து நடந்ததையும் சொல்லிடறேன். யார்கிட்டயும் சொல்லல. உரலைக் கழுவுனேன். புளி போட்டுத் தேச்சேன், சாம்பல் போட்டுத் தேச்சேன், பழைய டூத் பிரஷ்ஷை வெச்சி சந்து சந்தா நோண்டுனேன். ஏழு தண்ணி ஊத்திக் கழுவுனேன். அப்பால குழியில எறங்கி புதுக் கல்லு ஒடைச்சி, இடிச்சி, அரிச்சேன். கருப்பு மணல்தான் நின்னுது. இன்னொரு தரம் பண்ணேன். மூணாவது தரமும் பண்ணேன். தட்டை வெயில்ல புடிச்சிப் பாத்தேன், நெழல்ல புடிச்சிப் பாத்தேன்.

ஒண்ணும் இல்ல.

அதனால இல்லன்னு ஆய்டுமா? ரீஃபுன்னா அப்படித்தான். ஒரு அடியில இருக்கும், அடுத்த அடியில இருக்காது. மூணு சாம்பிளை வெச்சி முடிவு பண்றவன் சாம்பிளரே இல்ல. அதான் பத்து எடத்துல ஒழுங்கா குறுக்கால வெட்டி எடுத்துகினு வந்து கீறேன். பத்துப் பையி, பத்து நம்பர். உள்ள பாத்தியானா தெரியும்.

ஆனா ஒண்ணு ராத்திரி பூரா என்னைத் தூங்க உடல. தட்டு காலின்னா, அவ சொன்னது நெஜம். அவ சொன்னது நெஜம்னா, நான் தசரதனைக் காட்டிக் குடுத்தது எதுக்கு? அவன் பொண்டாட்டி குடுத்த கல்லுல என் பொண்ணு படிச்சா. அந்தப் பொண்ணு குடுத்த காசுல நான் குழி தோண்டுனேன். நான் இன்னா மயிருக்கு இருபத்தி நாலு வருஷம் உளியைத் தொடைச்சேன்? மன்னிச்சிக்கோ தம்பி, வார்த்தை வந்துடுச்சி. அதுக்கு, தங்கம் இருந்துட்டா தேவலை. கொஞ்சம் இருந்தாக்கூட போதும். ஒரே ஒரு பையில காட்டுனாக்கூட போதும், அவ பொய் சொன்னான்னு நிம்மதியாப் போய்டுவேன். பொய் சொன்ன பொண்டாட்டியோட குடித்தனம் பண்ணலாம். இன்னொண்ணுக்கு எனக்குப் பயமா கீது.

ஒயிட்ஃபீல்டு. இங்க எறங்கறவங்க எறங்கட்டும், எடம் உடு. நீ எங்க எறங்கறே? கண்டோன்மெண்டா? நல்லதாப் போச்சி.

இன்னொரு விஷயம் கீது, முதல்லயே சொல்லாம உட்டுட்டேன். அன்னைக்கி ஞாயித்துக்கெழம நான் போனப்ப சம்பூரணம் கூடத்துல இல்ல. "அம்மா எங்க?"ன்னேன். எழிலரசி பாத்ரூமைக் கையைக் காட்டுனா. மூணாவது மாடியில வீடு, உள்ளயே கக்கூஸு, டைல்ஸு எல்லாம் கீது. கதவுகிட்ட போனேன். உள்ள பாட்டு கேக்குது. ரேடியோன்னு நெனச்சேன். ரேடியோ இல்ல தம்பி, இவதான் பாடறா. இன்னா பாட்டுன்னு தெரியல, ஏதோ பழைய பாட்டு. நல்லா இழுத்து, அவசரமே இல்லாம பாடறா. நாப்பது வருஷத்துல அவ பாடி நான் கேட்டதில்ல. அவளுக்குப் பாட வரும்னே எனக்குத் தெரியாது. "தெனமும் இப்படித்தான், உள்ள போய்த் தாப்பா போட்டா அரை மணி நேரம் பாட்டுதான்"னு எழிலரசி சொல்லிச் சிரிக்கிறா.

கொஞ்ச நேரம் நின்னு கேட்டேன். அப்பால இன்னா பண்றது, கையில கல்லை வெச்சிகினு எத்தினி நேரம் நிக்கறது? தட்டுனேன். "நான்தான்"னேன்.

பாட்டு நின்னுடுச்சி.

அவ்ளோதான். "இரு, வர்றேன்"னுகூட சொல்லல. தண்ணி ஊத்தற சத்தம்கூட இல்ல. நான் கதவுக்கு இந்தாண்ட, அவ அந்தாண்ட. அவ மூச்சை அடக்கிகினு உக்காந்து கீறான்னு எனக்கு நல்லாத் தெரியுது. ரொம்ப நேரம் கழிச்சிதான் தாப்பாளை எடுத்தா. அதுக்கு நான் இன்னா தப்பு பண்ணேன்? கதவைத்தானே தட்டுனேன்.

வண்டி நின்னுடுச்சா? கே.ஆர்.புரமா? ஆமாமா, போர்டு தெரியுது. எறங்கணும்தான். தெரியும் தம்பி, தெரியும், ரெண்டு நிமிஷம் நிக்கும். அதோ அந்த மேம்பாலம் தெரியுது பாரு, அதுக்கு அந்தாண்ட மூணாவது தெரு. இந்நேரம் சாப்ட்டு முடிச்சிட்டு ஜன்னலோரம் உக்காந்து இருப்பா. போனேன்னா முதல் கேள்வி 'உரலைக் கழுவினியா'ன்னுதான் கேப்பா. கழுவுனேன்னு சொன்னா, 'இன்னா வந்துது?'ன்னு கேப்பா. அதுக்கு இன்னா சொல்றது? நீ சொல்லு, அதுக்கு நான் இன்னா சொல்றது?

பையை எடுக்காத, உடு. உடுன்னு சொல்றேன் இல்ல. கண்டோன்மெண்ட்கிட்ட ஒரு லேப்பு கீதுன்னு சொன்னாங்க, கல்லு டெஸ்ட் பண்ணித் தருவானாம். முதல்ல அங்க போய்க் குடுத்துட்டு வந்துடறேன். கையில ஒரு ரிப்போர்ட்டு இருந்தாத்தான் அவகிட்ட பேச முடியும். சும்மா வாயால பேசுனா அவ கேக்கமாட்டா.

நவுந்துடுச்சா? பரவால்ல. சாயங்காலம் வர்றப்ப எறங்கிக்கறேன். அதுக்குள்ள அவ எங்க போய்டப் போறா.